வெண்கட்டிப் படத்துக்குள்ள சிநேகிதியோட போயிட்டு வாறது எப்பிடி

நிலத்தில வெண்கட்டியால இழுத்துக் கீறின படம் போனுக்குள்ளால பாத்தா நிமிந்து நிக்கிற மாதிரித் தெரியும், அதுக்குப் பக்கத்தில சிநேகிதிய இருத்திப் போட்டோ எடுக்கிறதத்தான் உள்ள போறது எண்டு சொல்லுறன். முதல்ல சொல்லுறன், இதுக்கு வடிவா படம் கீறத் தெரிஞ்சிருக்கோணும் எண்டில்ல, கூட வாற ஆள்தான் முக்கியம். நிலத்தில நாலு நீலக்கோடு கீறினவுடனே "ஐயோ தண்ணி" எண்டு பாவாடையத் தூக்கிப் பிடிக்கிற ஆள் வேணும். எனக்கு திருகோணமலை உப்புவெளியில அப்பிடி ஒரு சிநேகிதி இருக்கிறா, அவவின்ட வீட்டு முத்தத்திலதான் நாங்க கீறுறனாங்க.

சீமெந்து நிலத்த தும்புத்தடியால நல்லா கூட்டி, கழுவி காயவிடுங்கோ. கடற்கரைப் பக்கம் எண்டா ரெண்டு தரம் கூட்டோணும், மண் கிடந்தா வெண்கட்டி பிடியாது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தொடங்குங்கோ, அதுக்கு முந்தி முழங்கால் குத்தி இருக்கேலாது, அவ்வளவு சூடு. மார்கழி மழைக்காலத்தில வேணாம்.

என்ன கீறலாம்? பிரெட்ரிக் கோட்டைக்குள்ள கோணேசர் கோயிலுக்குப் போற வழியில புள்ளிமான் நிக்கும் தெரியும்தானே, அதில ஒரு குட்டியக் கீறுங்கோ.

இப்ப முக்கியமான விஷயம். போனை ஒரு ஸ்டாண்டில 150 சென்டிமீட்டர் உயரத்தில வைச்சு இறுக்குங்கோ, பிறகு அசைக்கவே கூடாது. அதுக்கு நேர கீழ நிலத்தில இருந்து 2 மீட்டர் தள்ளி மானின்ட கால் வரோணும். குட்டி 50 சென்டிமீட்டர் உயரமா நிக்கிற மாதிரித் தெரியோணும் எண்டா நிலத்தில அத 1 மீட்டர் நீளத்துக்கு இழுத்துக் கீறோணும், அதாவது தலை 3 மீட்டரில வரும், காலடியில அகலம் சாதாரணமா இருக்க தலைப்பக்கம் ஒண்டரை மடங்கு அகலமா வரும். கிட்ட நிண்டு பாத்தா ஏதோ ரப்பர் மான் மாதிரி அசிங்கமாத்தான் இருக்கும், பயப்பிடாதேங்கோ, போனுக்குள்ளால பாத்தா நிமிந்து நிக்கும். நீங்க கீற சிநேகிதி போனில பாத்து "காது இன்னும் அங்கால, இன்னும் கொஞ்சம்" எண்டு சொல்லோணும், எங்கட பாதி சந்தோசமே அந்தச் சத்தம்தான்.

கலர் மங்கலா இருந்தா வெண்கட்டிய தண்ணியில தோய்ச்சுக் கீறுங்கோ, காய நல்லா எடுப்பா வரும். புள்ளிய மட்டும் கடைசியா, காஞ்ச வெண்கட்டியால வையுங்கோ, விரலால தேய்க்காதேங்கோ. நிழல மறக்கக் கூடாது, பின்னேர வெயிலில சிநேகிதியின்ட நிழல் எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கமே மானுக்கும் நிழல் போடுங்கோ, இது பிழைச்சா எல்லாம் பொய்யாத் தெரியும். சூரியன் போனுக்குப் பின்னால வராம பக்கவாட்டில இருக்கட்டும், இல்லாட்டி ஸ்டாண்டின்ட நிழலும் படத்துக்குள்ள வந்திடும்.

இனி உள்ள போறது. சிநேகிதி மானின்ட காலடிக்கு நேர, பக்கத்தில குந்தி இருக்கோணும், கோட்ட மிதிக்கக் கூடாது. கையில ஒரு முருங்கையிலை. போனப் பாத்துச் சிரிச்சா படம் செத்துப்போகும், மானின்ட வாய் நிக்கிற இடத்தத்தான் பாக்கோணும், வெறும் காத்துத்தான், ஆனா எங்கட ஆள் அந்தக் காத்தோடயே "சாப்பிடு ராசா" எண்டு கதைப்பா, அப்பதான் நான் பட்டனை அமத்துவன்.

எல்லாம் முடிஞ்ச பிறகு படத்தக் கழுவ வாளித் தண்ணியும் தும்புத்தடியும் போதும். மானின்ட கண்ண மட்டும் சிநேகிதி கழுவ விடமாட்டா, அது தானா அழியட்டும் எண்டுவா.