ட்ரிக்கரில் விரல் அமரும் இடம்: ஏர் பிஸ்டல் பழகத் தொடங்குவோருக்கு

மதுரையில் ஏர் பிஸ்டல் பழகத் தொடங்கிய முதல் மாதம் முழுவதும் என் பெல்லட்டுகள் (சிறு ஈயக் குண்டுகள்) மையத்தை விட்டு இடப்பக்கமாகவே விழுந்துகொண்டிருந்தன. குறி பார்க்க உதவும் பின்பக்க அமைப்பான ரியர் சைட்டின் திருகைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நாள் சரியாகும், மறுநாள் மீண்டும் விலகும். கடைசியில் கோச் ஒரு பேனாவை எடுத்து, என் ஆள்காட்டி விரலின் நுனிக்கும் முதல் கணுவின் மடிப்புக்கும் நடுவே ஒரு கோடு போட்டார். அதுவரை நான் விரலின் நுனியைக் கொண்டே ட்ரிக்கரை அழுத்தி வந்திருந்தேன்.

இத்தனை சிறிய பிழை ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 35 செ.மீ. இருப்பதாகக் கொண்டால், விரலின் தள்ளலால் குழலின் முனையில் உள்ள ஃப்ரண்ட் சைட் 1 மி.மீ. விலகும்போது 10 மீட்டருக்கு அப்பால் பெல்லட் ஏறத்தாழ 29 மி.மீ. விலகிப் போகிறது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான் என்பதால், பத்தில் விழ வேண்டியது ஏழில் போய் விழும்.

பழகும் முறைக்கு வருவோம். முதலில் பிஸ்டலில் பெல்லட் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, குழலை டார்கெட் பக்கமே வைத்திருங்கள். குறி பார்க்கும் வரை விரல் ட்ரிக்கர் கார்டுக்கு (ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு) வெளியேதான் இருக்க வேண்டும்.

அடுத்து, கைப்பிடியை எப்போதும் பிடிக்கும் அழுத்தத்திலேயே பிடித்து, பேனாக் கோடு ட்ரிக்கரின் நடுவில் படுமாறு விரலை வையுங்கள். வலக்கைக்காரர் வெறும் நுனியால் அழுத்தினால் குழல் இடப்பக்கம் தள்ளப்படுவதும், கணு வரை விரலை நுழைத்தால் வலப்பக்கம் இழுபடுவதும் வழக்கம். இடக்கைக்காரருக்கு இது தலைகீழாகும். விரலின் அடிப்பகுதி கைப்பிடியின் பக்கவாட்டை உரசக் கூடாது. நடுவே ஒரு மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும், உரசினால் விரல் மடங்கும்போது பிஸ்டலையும் சேர்த்தே நகர்த்திவிடும். கோடு ஒரு தொடக்கம் மட்டுமே என்பது என் கருத்து. கை சிறியதாகவோ விரல் நீளமாகவோ இருந்தால், ட்ரிக்கர் நேராகப் பின்னோக்கி வரும் இடம் சற்றுத் தள்ளி இருக்கலாம். பல போட்டி பிஸ்டல்களில் ட்ரிக்கரையே முன்னும் பின்னும் நகர்த்தி அமைக்கலாம். ஆகவே விரலை வளைத்துச் சமாளிக்காமல் ட்ரிக்கரை நகர்த்துங்கள்.

பிறகு, வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்து ட்ரை ஃபயர் செய்யுங்கள், அதாவது பெல்லட் இல்லாமலே ட்ரிக்கரை அழுத்துங்கள். அதற்கான வசதி உள்ள பிஸ்டலில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ஸ்பிரிங் வகைப் பிஸ்டல் இதனால் பழுதாகும். ட்ரிக்கரின் முதல் தளர்ச்சியை எடுத்துவிட்டு, தடை தட்டுப்படும் இடத்திலிருந்து சீராக அழுத்தத்தைக் கூட்டுங்கள். போட்டி விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பதால், இதற்கு வலிமை வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும். சொடுக்கு விழும் கணத்தில் ஃப்ரண்ட் சைட் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். டார்கெட் இல்லாத சுவரில் கண்ணுக்கு வேறு வேலை இல்லாததால், விரலின் பிழை அப்படியே தெரிந்துவிடும்.

சித்திரை வெயிலில் விரல் வியர்த்து ட்ரிக்கரில் வழுக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு, கோடு இருந்த இடத்தையே தேடி விரலை வையுங்கள். சைட் அசையாத சொடுக்குகளை மட்டும் எண்ணி, தொடர்ச்சியாகப் பத்து கிடைத்த பிறகு, கோச்சின் பார்வையில் பெல்லட்டை நிரப்பலாம்.