பெற்றோல் நிக்கப்போகுதாம்: ஒரு கதை எங்கயிருந்து வந்ததெண்டு தேடுறது எப்பிடி?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில எனக்கு ஒரு சின்ன போன் ரீலோட், போட்டோகொப்பிக் கடை. ஆக்கள் போனை நீட்டி "தம்பி, இது உண்மையோ?" எண்டு கேக்காத நாளில்லை. கிட்டடியில வந்தது, பெற்றோல் நிக்கப்போகுதெண்ட கதை.

இப்பிடி ஒண்டு வந்தா, எத்தினை பேர் ஷெயார் பண்ணினவை எண்டு எண்ணாதேங்கோ. வசனத்தைப் பாருங்கோ. "யாழ் பெட்ரோல் பங்கில் காலை முதல் வரிசை" எண்டு கிடந்தது. யாழ்ப்பாணத்தில ஆர் பங்க் எண்டு சொல்லுறது? எங்களுக்கு அது செட். எழுதினவர் வரிசையில நிக்கேல்லை எண்டு அதிலயே விளங்கீட்டுது. அந்த வசனத்தை அப்பிடியே கொப்பி பண்ணி, மேற்கோள் குறிக்குள்ள போட்டு பேஸ்புக்கில தேடினன். 14 கணக்கு. ஒண்டும் பெரிய ஆக்களில்லை, இருநூறு முந்நூறு நண்பர்மார்தான். எல்லாத்திலயும் அதே பங்க்.

படத்தை கூகுள் லென்ஸில போட்டன். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு நேரத்து வரிசை.

போட்டது ஆளின்ர கணக்கில்லாமல் பேஸ்புக் பக்கமெண்டா "பக்க வெளிப்படைத்தன்மை"க்குள்ள போங்கோ. எப்ப துவங்கினது, பேர் மாத்தினதோ எண்டு காட்டும். இதில ஒண்டு முந்திச் சமையல் பக்கம்!

வாட்ஸ்அப்பில இரட்டை அம்புக்குறி கிடந்தா, அது பல கை மாறி வந்தது. 2020 ஏப்ரலிலயிருந்து அப்பிடியானதை ஒரு தடவையில ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம். அதால சனம் கொப்பி பண்ணிப் புதுசா ஒட்டுது, அம்பும் போயிடுது. அம்பு இல்லையெண்டு நம்பிப்போடாதேங்கோ.

கண்டவுடன போலிக் கணக்கெண்டு திட்டவும் வேண்டாம். அந்த 14இல எனக்குச் சந்தேகம் மூண்டு நாலிலதான், மிச்சம் எங்கட சனம். 2022இல ஜனாதிபதி கோட்டாபயவை வீட்டை போகச் சொன்ன "கோட்டா கோ ஹோம்" எண்ட கோஷத்தை ஊர் ஊராக் கொண்டுபோனதிலயும் இப்பிடிச் சின்னக் கணக்குகளுக்குப் பங்கிருக்கு. சொல்லுறதெண்டா கொமென்டில சொல்லாதேங்கோ, ஆளுக்கு ரோசம் வந்திடும். தனிய மெசேஜ் போடுங்கோ.

நானும் அப்பிடித்தான் செய்தனான். 14இல ஒண்டு என்ர மாமி. பழைய படத்தின்ர லிங்கை அனுப்பினன். "பொய்யெண்டாலும் பெற்றோல் அடிச்சு வச்சா நட்டமே?" எண்டவ. ஊரில எல்லாரும் மாமி மாதிரித்தான் யோசிச்சிருக்கினம். பின்னேரம் நாலு மணிக்கு, கடைக்குக் கிட்ட இருக்கிற செட்டில "பெற்றோல் இல்லை" எண்டு மட்டை தொங்கிச்சுது. இந்த முறை படம் புதுசு, நான்தான் எடுத்தனான். இன்னும் ஒருத்தருக்கும் அனுப்பேல்லை.