கடன் மறுசீரமைப்பில் யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள்? எக்செலில் நீங்களே கணக்குப் போடலாம்

இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. 2024 ஜூன் 26 அன்று இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் முன்னின்று நடத்திய அரசுகளின் குழுவோடு 580 கோடி டாலருக்கும், சீன எக்ஸிம் வங்கியோடு 420 கோடிக்கும் உடன்பாடு ஆனது. டிசம்பரில் சுமார் 1,250 கோடி டாலர் பிணைமுறிகளை (அரசு கடன் வாங்கச் சந்தையில் விற்ற பத்திரங்களை) புதியவையாக மாற்றினார்கள். பிணைமுறி வைத்திருந்தவர்கள் அசலில் 27% விட்டார்கள். அரசுகள் அசலில் கைவைக்கவில்லை. தவணையைத் தள்ளி, வட்டியைக் குறைத்தன. அப்போ அரசுகள் பெரிதாக எதையும் விடவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

படி 1: எந்த ஆண்டு எவ்வளவு பணம் வரும் என்று ஒரு பத்தியில் எழுதுங்கள். பழகுவதற்கு இரண்டு கற்பனைக் கடன்கள், இரண்டிலும் பழைய அசல் 100. முதலாவதில் அசல் அப்படியே, ஆண்டுதோறும் வட்டி 2%, அசல் முழுவதும் 15ஆம் ஆண்டில் வரும். இரண்டாவதில் அசல் 73, வட்டி 5%, 10ஆம் ஆண்டில் முடியும்.

படி 2: எக்செலின் என்பிவி (NPV) ஃபங்ஷனுக்கு முதலில் 5%, அடுத்து அந்தப் பத்தியின் கட்டங்களைக் கொடுங்கள். 5% என்பது பின்னால் வரும் பணத்தை ஆண்டுக்கு எவ்வளவு குறைத்து மதிப்பிடுகிறோம் என்ற வீதம். அந்தப் பணம் எல்லாம் இன்று எவ்வளவுக்குச் சமம் என்ற இன்றைய மதிப்பு வந்துவிடும். இங்கேதான் நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். தவணை இல்லாத சலுகை ஆண்டுகளைக் காலியாக விட்டிருந்தேன். எக்செல் காலிக் கட்டத்தை ஓர் ஆண்டாகவே எண்ணாது! ஆறாம் ஆண்டில் மட்டும் 100 வரும் கடனுக்கு 74.62 வர வேண்டும், எனக்கு 95.24 வந்தது. அரசுகளின் கடனில் 2028 வரை அசல் தவணை தள்ளிப்போயிருப்பதால் இது சின்ன விஷயம் இல்லை. பணம் வராத ஆண்டுக்குக் கட்டாயம் 0 போடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஆயத்தக் கணிப்பான்கள் வேண்டாம். உள்ளே என்ன சூத்திரம் ஓடுகிறது என்று பார்க்க முடியாது.

படி 3: ஒப்பிடுங்கள். முதல் கடன் 68.9, இரண்டாவது 73. அசலைத் தொடாதவர்தான் அதிகம் விட்டிருக்கிறார்! என்பிவிக்குக் கொடுக்கும் வீதத்தை எல்லாக் கடன்களுக்கும் ஒன்றாகவே வையுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. கடன் கொடுத்த மற்ற அரசுகளும் தனியாரும் ஒப்பான அளவு விட்டுத்தர வேண்டும் என்று பாரிஸ் கிளப் (கடன் கொடுக்கும் அரசுகளின் குழு) பிடிவாதமாக நிற்பதால், பேச்சுவார்த்தை மேசையில் பெரிய இழுபறியே இந்த ஒப்பீட்டில்தான்.

பின்சேர்க்கை: புதிய பிணைமுறிகளில் சில நாட்டின் பொருளாதாரத்தோடு கட்டப்பட்டவை ஆயிற்றே என்று ஒரு வாசகர் கேட்டார். சரியான கேள்வி. 2025 முதல் 2027 வரையான உள்நாட்டு உற்பத்தியைப் பொறுத்து, 2028இலிருந்து அவற்றில் கட்ட வேண்டிய தொகை கூடும் அல்லது குறையும். அவற்றுக்கு ஒரே பத்தி போதாது. நல்ல வளர்ச்சி, நடுத்தரம், மந்தம் என மூன்று பத்தி போட்டுத் தனித்தனியே கணக்கிடுங்கள்.