ஃபார்மில் லுக்கப் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊழியர் எண்ணை அடித்தால் பெயரும் துறையும் தானாக வந்து நிரம்ப வேண்டும். மின்னணுப் படிவம் தயாரிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் வசதி இது, இதைத்தான் லுக்கப் என்கிறோம். பெரும்பாலான ஃபார்ம் மென்பொருள்களில் இதற்கென்று ஓர் அமைப்புத் திரை இருக்கும்: கேட்டால் தகவல் தரும் வெப் சர்வீஸின் யூஆர்எல், எந்த ஃபீல்டின் மதிப்பை அனுப்புவது, வருகிற பதிலில் எதை எடுத்து எங்கே போடுவது, அவ்வளவுதான். சரியான எண் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறோம், பெயர் வருகிறது, உடனே வெளியிட்டுவிடுகிறோம். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது, ஏனென்றால் லுக்கப் பழுதாகும்போது பெரும்பாலும் சத்தம் போடாது, தப்பான தகவலோடு படிவம் அதுபாட்டுக்குச் சமர்ப்பிக்கப்பட்டுவிடும்.

"அப்படி ஓர் எண் இல்லை" என்பதும் "சர்வர் பதில் சொல்லவில்லை" என்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே வெற்று ஃபீல்டைக் காட்டினால், நிரப்புகிறவர் தன் எண் தப்போ என்று திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார். சில சர்வீஸ்கள் பதிவு இல்லையென்றால் 404 (கிடைக்கவில்லை) என்ற ஸ்டேட்டஸ் கோடை அனுப்பும், சில 200 (வெற்றி) அனுப்பி உள்ளே காலி அரேயை, அதாவது காலிப் பட்டியலைத் தரும், இன்னும் சில 200 என்று சொல்லிவிட்டுப் பிழைச் செய்தியை ஜேசனுக்குள் (பதில் வரும் உரை வடிவம்) ஒளித்து வைக்கும். ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பார்க்கிற அமைப்புக்கு கடைசி இரண்டும் வெற்றிதான். அதனால் பதிலின் உள்ளடக்கத்தையும் சோதிக்கும் நிபந்தனை ஒன்று கட்டாயம் வேண்டும்.

இதைவிட மோசமானது பழைய மதிப்பு அப்படியே தங்கிவிடுவது. ஒருவர் 1045 என்று அடிக்கிறார், பெயர் வருகிறது, அப்புறம் 1054 என்று திருத்துகிறார், இந்த முறை லுக்கப் தோற்றுவிடுகிறது. எண் புதியது, பெயர் பழையது, பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஒவ்வொரு லுக்கப்பும் தொடங்கும்போதே இலக்கு ஃபீல்டுகளைக் காலி செய்துவிடுங்கள். மாநிலத்தை மாற்றினால் மாவட்ட டிராப்டவுனும் அதற்குக் கீழே இருப்பவையும் காலியாக வேண்டும் என்பதும் இதே விதிதான். வரிசை மாறி வரும் பதில்களையும் கவனியுங்கள்: முதல் கோரிக்கையின் பதில் தாமதமாகி இரண்டாவதற்குப் பின் வந்தால் அது புதிய பதிலை மேலெழுதிவிடும். வந்த பதில் இப்போது ஃபீல்டில் இருக்கும் மதிப்புக்கு உரியதுதானா என்று பார்த்த பிறகே நிரப்ப வேண்டும்.

அனுபவமுள்ளவர்கள்கூட கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. படிவம் சமர்ப்பிக்கப்பட்ட பிறகு, ஒப்புதல் தருபவர் அதை மறுபடி திறக்கிறார். லுக்கப் "படிவம் திறக்கும்போது ஓடு" என்று அமைக்கப்பட்டிருந்தால் அப்போதும் ஓடும். இடையில் அந்த ஊழியர் துறை மாறியிருந்தால், விண்ணப்பித்த நாளில் இருந்த துறை அழிந்து இன்றைய துறை உட்காரும், விலைப்பட்டியலிலிருந்து விலை எடுக்கிற படிவம் என்றால் ஒப்புக்கொண்ட தொகையே மாறிப்போகும். இது ஆவணம் என்ற பெயருக்கே கேடு. லுக்கப் புதிய படிவத்தில் மட்டும் ஓடட்டும், அல்லது பயனர் கையால் மதிப்பை மாற்றும்போது மட்டும் ஓடட்டும். டிராப்டவுனில் தேர்ந்தெடுத்ததன் குறியீட்டு எண்ணை மட்டும் சேமிக்காமல் அன்று திரையில் தெரிந்த பெயரையும் சேர்த்துச் சேமியுங்கள், நாளை அந்தக் குறியீடு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாலும் பழைய படிவத்தைப் படிக்க முடியும்.

பதிலில் பல பதிவுகள் வந்தால் முதலாவதை எடுத்துக்கொள்வது இன்னொரு பழக்கம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் யாரோ ஒருவருடைய விவரம் படிவத்தில் ஏறும். பலர் வந்தால் பட்டியலைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். பல சர்வீஸ்கள் பதிலைப் பக்கம் பக்கமாகத் தரும் என்பதால், முதல் பக்கத்தோடு நின்றுவிட்டால் டிராப்டவுனில் பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

எண் போலத் தெரியும் எல்லாமே எண் அல்ல. 00721 என்ற குறியீட்டை எண் வகை ஃபீல்டில் போட்டால் 721 ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-க்கு மேற்பட்ட முழு எண்கள் துல்லியம் இழக்கும், நீளமான அடையாள எண்களின் கடைசி இலக்கம் மாறிப்போவது அதனால்தான். குறியீடுகளை எழுத்து வகையாகவே வைத்திருங்கள், ஜேசனிலும் அவை மேற்கோளுக்குள்தான் வர வேண்டும். 03/04/2025 மார்ச்சா ஏப்ரலா என்பது படிப்பவரைப் பொறுத்தது, 2025-04-03 என்று அனுப்பினால் குழப்பமில்லை.

ஃபீல்டின் மதிப்பை அப்படியே யூஆர்எல்லில் ஒட்டுவதும் தவறு. பெயருக்குள் & இருந்தால் அதற்குப் பிறகு வருவது வேறு பாராமீட்டராகிவிடும். அது %26 ஆகவும் இடைவெளி %20 ஆகவும் போக வேண்டும், தமிழ் எழுத்துகளுக்கும் இதுவே பொருந்தும், 'அ' என்ற ஓர் எழுத்து, எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் %E0%AE%85 ஆகிறது. மென்பொருள் இதைத் தானாகச் செய்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள், இரண்டு தடவை மாற்றப்பட்டாலும் தேடல் தோற்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. லுக்கப் பிரவுசரிலிருந்து நேராக ஓடினால் அதில் வைத்த ஏபிஐ கீயை (சர்வீஸை அணுகுவதற்கான ரகசியச் சாவி), டெவலப்பர் டூல்ஸைத் திறக்கத் தெரிந்த யாரும் படிக்கலாம். கீ சர்வர் பக்கத்தில் இருக்கட்டும், படிவம் உங்கள் சர்வரிடம் கேட்கட்டும். வேறு தளத்தின் சர்வீஸிடம் பக்கம் நேராகக் கேட்பதை பிரவுசர் தடுக்கும் கார்ஸ் தடையும் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். உள்நுழைவு இல்லாத பொதுப் படிவத்தில் எண்ணைப் போட்டால் பெயரும் முகவரியும் வருகிறது என்றால், 1, 2, 3 என்று எண்களை ஓடவிட்டு மொத்தப் பட்டியலையும் ஒருவர் அள்ளிக்கொண்டு போகலாம். ஃபீல்டை ரீட்-ஒன்லி ஆக்குவதும் காவல் ஆகாது, பிரவுசரில் அதை மாற்றி அனுப்ப முடியும், எனவே விலை, தகுதி போன்றவற்றைச் சமர்ப்பித்த பின் சர்வரில் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் லுக்கப்பை ஓடவிடாதீர்கள், சர்வீஸ் 429 (கோரிக்கைகள் அதிகம்) அனுப்பித் தடுத்துவிடலாம். தட்டச்சு நின்று 300 மில்லிசெகண்ட் ஆனதும் ஓடினால் போதும், எண் முழுதாக வந்தபின் ஓடினால் இன்னும் நல்லது.

வெளியிடும் முன் இல்லாத எண், முன்னும் பின்னும் இடைவெளியுள்ள எண், இரண்டு பேருக்குப் பொருந்தும் பெயர், தமிழில் எழுதிய பெயர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். யூஆர்எல்லை வேண்டுமென்றே கெடுத்தும் ஒருமுறை பாருங்கள். டெஸ்ட் சர்வரின் யூஆர்எல் அப்படியே நேரடிப் படிவத்துக்குப் போய்விடவில்லையே என்று பார்த்து, சர்வீஸை அணுக அனுமதிக்கும் டோக்கன் எந்தத் தேதியில் காலாவதியாகிறது, அதைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு என்றும் எழுதி வைத்துவிட்டு வெளியிடுங்கள்.