ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதா? சொட்டு நீலம் போதும்

முதலில் டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயைப் பாருங்கள். அதன் வாயில் தண்ணீர் வழிந்தால் மிதவையை இறக்கி வையுங்கள். தண்ணீர் ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும்.

வழியவில்லையா? டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாதீர்கள். கழிப்பறைக் கோப்பையில் நீலம் இறங்கினால், டேங்கின் அடியில் தண்ணீரை அடைத்து நிற்கும் ரப்பர் வாஷரில்தான் கோளாறு. உடனே புதிது வாங்க ஓட வேண்டாம். டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயிலுள்ள ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, வாஷரைக் கழற்றித் தடவிப் பாருங்கள். போர் தண்ணீர் வீடுகளில் பெரும்பாலும் வெள்ளை உப்பு சொரசொரவென்று படிந்திருக்கும். வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தாலே சரியாகிவிடும். வாஷர் உட்காரும் விளிம்பையும் துடையுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ரப்பர் விறைத்துப்போயிருந்தால் மட்டும், பழையதைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போங்கள். அளவு மாறினால் மறுபடி ஒழுகும்.