பழைய ஹைலக்ஸை இரண்டு அங்குலம் தூக்கியபோது

1994 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், எல்என்106 ரகம். உயரமான ஸ்பிரிங் மாட்டி வண்டியை உயர்த்துவதுதான் வேலை. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்தான் (அடுக்கிய பட்டைகளால் ஆன ஸ்பிரிங்) என்பதால் தைரியமாக இறங்கினேன். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்கு ஜாக் கொடுத்து, ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் துருப்பிடித்த யூ-போல்ட்டுகளை அறுத்தெடுத்தேன். அவற்றுக்குப் பதில் புதிதுதான் போட வேண்டும். ஒரே நாளில் புது ஸ்பிரிங்குகள் ஏறிவிட்டன.

அப்புறம்தான் சிக்கல். பிரேக் மிதித்தால் முன்பக்கம் குனிகிறது, பின்சக்கரம் பிடிக்கவே இல்லை. காற்று புகுந்திருக்கும் என்று இரண்டு முறை பிளீட் செய்தும் (பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றியும்) பயனில்லை. கீழே படுத்துப் பார்த்தேன். பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி, சேஸியில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகிறது. சுமை ஏறினால் பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதுதான். சுமை ஏறினால் சேஸி ஆக்சிலை நெருங்கும்; இப்போது சேஸியிலிருந்து ஆக்சில் கீழே விலகிவிட்டதால், வண்டி எப்போதும் காலி என்றே வால்வு எடுத்துக்கொண்டது. ஆக்சில் பக்கம் கம்பி மாட்டும் இடத்தை இரண்டு அங்குலம் உயர்த்தி ஒரு பிராக்கெட் வைத்தேன், சரியாகிவிட்டது.

சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைத்து நின்றது, நீளமானது மாட்டினேன். ஸ்பிரிங்கின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகே கடைசியாக இறுக்குங்கள், இல்லையென்றால் அவற்றைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக் கிழியும். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட்டுகளில் மறுபடி ஸ்பானர் வைத்தேன். எட்டு போல்ட்டுகளும் தலா கால் சுற்று இறுகின.