புயல் மழைக்கு வீட்டில் பொருள் சேர்த்து வைப்பது: எவ்வளவு போதும், எப்போது தொடங்குவது?

ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. அவசரத்துக்கென்று பொருள் வாங்கி அடுக்குவது தேவையா, வீண் செலவா? தேவைதான் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் நகரத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதை மட்டும் சேருங்கள். மழை வருவதற்குள் சேர்த்து முடித்துவிடுங்கள். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வாங்கியதில் பாதி வண்டுக்கும் எலிக்கும் போய்விடும்.

சென்னையிலோ கடலோர மாவட்டங்களிலோ வாழும் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எது தீர்ந்துபோகிறது?

2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா, 2018 நவம்பரில் டெல்டாவைப் புரட்டிப் போட்ட கஜா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம், அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய தென்மாவட்டப் பெருமழை. இவற்றில் மக்கள் எதற்கு அலைந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அரிசிக்கு அலைந்தவர்கள் குறைவு. குடிதண்ணீர், பால், மெழுகுவத்தி, செல்போன் சார்ஜ், மாத்திரை, கையில் ரொக்கம் ஆகியவற்றுக்குத்தான் அலைந்தார்கள். 2015இல் சில இடங்களில் பால் லிட்டர் நூறு ரூபாய்க்கு விற்றது. வர்தா வந்தபோது பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மின்சாரமும் இணைப்பும் போனதால் கடைகளில் கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை. கையில் நோட்டும் இல்லை.

ஆகவே பொருள் சேர்க்கிறேன் என்று 25 கிலோ அரிசி மூட்டையில் தொடங்காதீர்கள். அது கடைசியில் வர வேண்டிய விஷயம்.

நகரத்துக்கு ஏழு நாள் என்று நான் சொல்வது, பெரும்பாலான பகுதிகளில் கடையும் மின்சாரமும் அதற்குள் திரும்பிவிடுகின்றன என்பதால்தான். கிராமங்களில் அப்படி நம்பி இருக்க முடியாது. கஜாவுக்குப் பிறகு நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் பல ஊர்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. அங்கே வாழ்கிறவர்கள் விளக்குக்கும் தண்ணீருக்குமாவது இரண்டு வாரக் கணக்குப் போடுவது நல்லது.

படி 1: மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலை வரை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வழக்கம்போல வீட்டை நடத்திப் பாருங்கள். இன்வர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

நம் சமையலறை எந்த அளவுக்கு மின்சாரத்தில் ஓடுகிறது என்பது அன்றைக்குத் தெரியும். மோட்டார் ஓடாது, தொட்டியில் இருப்பது தீர்ந்தால் குழாயில் தண்ணீர் வராது. தொட்டி நிறைந்திருந்தாலும் ஆர்.ஓ. இயந்திரம் வேலை செய்யாது, அதனால் குடிக்க முடியாது. கிரைண்டர், மிக்சி இரண்டும் நிற்கும். இட்லி மாவும் இல்லை, சட்னியும் இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பை நம்பியிருக்கும் வீட்டில் வெந்நீர்கூட வைக்க முடியாது. மூன்றாவது மாடியில் இருக்கும் பாட்டிக்கு லிஃப்ட் கிடையாது. குளிர்சாதனப் பெட்டி திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம்வரை குளிர்ச்சியைக் காக்கும், அவ்வளவுதான்.

எது நின்றபோது வீடு திணறியதோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டின் பட்டியலும் டயாலிசிஸுக்குப் போய்வரும் பெரியவர் இருக்கும் வீட்டின் பட்டியலும் ஒன்றாக இருக்காது. நீங்கள் வாங்க வேண்டியதை அந்தத் தாள்தான் சொல்ல வேண்டும். நான் கீழே தருவது அதற்கு ஒரு துணை.

படி 2: தண்ணீர்

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று வையுங்கள். நான்கு பேருக்கு ஏழு நாளைக்கு 84 லிட்டர். 20 லிட்டர் கேன் நான்கு, கொஞ்சம் மேலே. வீட்டில் எப்போதும் இரண்டு கேன் புழங்குகிறதென்றால், மழைக்கால மாதங்களில் மட்டும் இன்னும் இரண்டு கூடுதலாக வைத்தால் போதும். பழையதை முதலில் எடுங்கள், வந்ததைப் பின்னால் வையுங்கள். வெயில் படும் இடத்திலும், பெட்ரோல், பினாயில் பக்கத்திலும் கேனை வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் வழியாக வாடை ஏறும்.

சமைக்கவும் கழுவவும் மொட்டைமாடித் தொட்டி. வானிலை மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விட்டவுடனே தொட்டியை நிரப்பிவிடுங்கள். காற்று வீசத் தொடங்கிய பிறகு மின்வாரியத்தினரே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அப்போது நினைத்துப் பயனில்லை. வீட்டில் இருக்கும் குடம், அண்டா, வாளி எல்லாவற்றையும் நிரப்பி மூடி வையுங்கள். கழிப்பறைக்கு மட்டும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது குழாய் நின்ற பிறகுதான் உறைக்கும்.

தரைக்குக் கீழே இருக்கும் சம்ப் பற்றி ஓர் எச்சரிக்கை. தெருவில் தண்ணீர் நின்றால் சாக்கடையும் அதில் கலந்திருக்கும். அது சம்ப் மூடி வழியாக உள்ளே இறங்கிவிடும். வெள்ளத்தில் மூழ்கிய சம்ப் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாதீர்கள். மின்சாரம் வந்ததும் அதை அப்படியே மேலே ஏற்றிவிட்டால் தொட்டியும் கெட்டுவிடும். முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்த பிறகே புதுத் தண்ணீர் விட வேண்டும். மற்றபடி சந்தேகமான தண்ணீரைத் தெளியவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள்.

படி 3: சாப்பாடு

சமைக்காமலே சாப்பிடக்கூடியவை, ஒரு கொதியில் முடிபவை, வழக்கமான சமையல் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் இரண்டு நாளைக்கு அடுப்பே வேண்டாம் என்ற நிலையில் உதவுவது அவல். ஒன்றரை கிலோ இருந்தால் நால்வர் இரண்டு நாள் சமாளிக்கலாம். ஊறவைத்து வெல்லமும் வாழைப்பழமும் சேர்த்தால் ஒரு வேளை, மோரும் ஊறுகாயும் சேர்த்தால் இன்னொரு வேளை. பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க் ஆகியவற்றை அரைக் கிலோ அளவில் வைத்தால் போதும். குழந்தைகள் மழைக்கு முன்பே தீர்த்துவிடுவார்கள் என்றால் பரணில் வையுங்கள்.

ஒரு கொதியில் முடிபவை: ரவை, சேமியா, சத்துமாவு. ரவையை வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டால் புழு வைக்காது. பால் பொடி அரைக் கிலோ வாங்கினால் சுமார் நான்கு லிட்டர் பால் கலக்கலாம். அட்டைப் பெட்டியில் அடைத்து வரும் பாலும் பிரிக்காதவரை குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும்.

வழக்கமான சமையலுக்கு ஏழு கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் போதும். மாத மளிகை வாங்கும் வீட்டில் இவை எப்படியும் இருக்கும். மாதக் கடைசியில் புயல் வந்தால்தான் தட்டுப்பாடு. அதனால் அரிசி டப்பா பாதிக்குக் கீழே இறங்கும்போதே அடுத்ததை வாங்கிவிடும் பழக்கத்தை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி வராத நாள்களுக்கு உருளை, வெங்காயம், பூசணி. அதற்கு மேல் நம் பாட்டிமார் வெயில் காலத்திலேயே மழைக்காக உழைத்துவைத்தவை இருக்கின்றன: வற்றல், வடகம், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. சோறு மட்டும் வடித்துவிட்டால் ஒரு வாரம் ருசியாகவே போகும். அவசரகால உணவு என்று விலையுயர்ந்த டப்பாக்களை இணையத்தில் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எரிவாயுவைப் பொறுத்தவரை, இரண்டு சிலிண்டர் இணைப்பு இருந்தால் ஒன்று தீர்ந்த அன்றே அடுத்ததற்குப் பதிவு செய்யுங்கள். குக்கரில் ஒரே நேரத்தில் சோறும் பருப்பும் வைத்தால் எரிவாயு மிச்சம். பெட்ரோலைக் கேனில் வாங்கி வீட்டுக்குள் வைக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். அது வீட்டையே எரித்துவிடும்.

மின்சாரம் போன நாளில் சமைக்கும் வரிசையும் முக்கியம். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் பால், மாவு, காய்கறி முதலில். அவை தீர்ந்த பிறகே சேர்த்துவைத்ததில் கைவைக்க வேண்டும்.

படி 4: மருந்து

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, இதயம், வலிப்பு என்று தினமும் மாத்திரை போடுகிறவர் வீட்டில் இருந்தால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை எப்போதும் இரண்டு வார மாத்திரை கூடுதலாக இருக்க வேண்டும். அரிசியைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கலாம். வலிப்பு மாத்திரையை யாரிடம் கேட்பீர்கள்? மருந்துச் சீட்டைப் படமெடுத்துச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடை மாறினாலும் காட்டி வாங்க உதவும்.

இன்சுலின் போடுகிறவர்கள் மின்சாரம் நீண்ட நேரம் இல்லாதபோது மருந்தை எப்படி வைப்பது, எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டு வைக்க வேண்டும். ஈர மணலோ தண்ணீரோ உள்ள மண்பானைக்குள், நனையாதபடி ஒரு டப்பாவில் போட்டு வைப்பது நம் ஊர்களில் நெடுநாளாக உள்ள வழி.

வெள்ளத்துக்குப் பின் வயிற்றுப்போக்கு வருவது வழக்கம் என்பதால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து வாங்கி வையுங்கள். தீர்ந்துவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடக் கூடாது. பாராசிட்டமால், கட்டுத்துணி, கிருமிநாசினி, நாப்கின், குழந்தைக்கு டயாப்பர் ஆகியவையும் இதே பெட்டியில்.

படி 5: வெளிச்சம், சார்ஜ், ரொக்கம்

ஆளுக்கொரு சிறிய எல்.இ.டி. டார்ச், மாற்று பேட்டரி. மெழுகுவத்தி வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் குழந்தைகள் இருக்கும் அறையில் ஏற்றாதீர்கள். 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் ஒன்று ஒரு போனை மூன்று நான்கு முறை நிரப்பும். எச்சரிக்கை வந்த அன்றே அதை நிரப்பிவிடுங்கள். நூறும் ஐம்பதுமாக இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் ரொக்கம் தனியாக இருக்கட்டும், யு.பி.ஐ. நின்றால் 500 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

படி 6: எங்கே வைப்பது

எவ்வளவு கவனமாகச் சேர்த்திருந்தாலும் தரையில் அடுக்கினால் முதல் இரவிலேயே போய்விடும். 2015இலும் 2023இலும் தரைத்தளங்களில் இடுப்பளவு தண்ணீர் வந்த தெருக்கள் உண்டு. எல்லாமே மார்பு உயரத்துக்கு மேலே, மூடி இறுக்கமான டப்பாக்களில் இருக்க வேண்டும். சிலிண்டரின் வால்வை மூடி, முடிந்தால் மேடையில் ஏற்றிக் கட்டிவிடுங்கள், தண்ணீரில் மிதக்கும்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் மேல்தளத்து வீட்டாரிடம் மழைக்கு முன்பே பேசி ஒரு பெட்டியை அங்கே வைப்பது நல்லது. கேட்கத் தயங்காதீர்கள். மேல்தளத்தில் இருப்பவர்கள் தாங்களாகவே முன்வந்து சொன்னால் இன்னும் நல்லது.

முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தெருக்கள் போல ஆண்டுதோறும் தண்ணீர் நிற்கும் இடத்தில் இருந்தால், வீட்டில் இருப்பை நம்பி உட்கார வேண்டாம். வீட்டிலேயே இருக்க முடிகிறவர்களுக்குத்தான் இந்தச் சேமிப்பு. மற்றவர்கள் சான்றிதழ்கள், மாத்திரை, ரொக்கம், ஒரு மாற்று உடை, இரண்டு வேளைக்கான அவல், தண்ணீர் ஆகியவற்றை ஒரு முதுகுப்பையில் போட்டுத் தயாராக வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே உறவினர் வீட்டுக்கோ முகாமுக்கோ கிளம்பிவிடுங்கள்.

படி 7: எப்போது வாங்குவது

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்குகிறது. ஆவணியில் தொடங்கி வாரம் ஒரு பொருளாக வாங்கினால் புரட்டாசி முடிவதற்குள் எல்லாம் சேர்ந்துவிடும். செலவும் ஒரேயடியாகக் கனக்காது. தினக்கூலியில் வாழும் குடும்பம் ஏழு நாளைக்குச் சேர்க்க முடியாவிட்டால் மூன்று நாளைக்குச் சேர்த்தாலே பெரிய உதவி. ரேஷன் பொருளை மாத முதல் வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும்.

எச்சரிக்கை வந்த பிறகு கடைக்கு ஓடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். 2020 ஏப்ரல் 24 அன்று சென்னை உள்ளிட்ட நகரங்களில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தவுடன், மறுநாள் கடைகளில் கூடிய கூட்டம் நினைவிருக்கும். நோய்க்கு அஞ்சிப் போட்ட ஊரடங்குக்காக மக்கள் தோளோடு தோள் உரசி நின்றார்கள். கடைசி நாளில் பத்துப் பாக்கெட் பால் அள்ளுகிறவர், மாலை வேலை முடிந்து கூலியோடு வருகிறவரின் ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொள்கிறார். ஆவணியில் வாங்குகிறவரால் யாருக்கும் நட்டமில்லை. கடைக்காரர் அடுத்த வாரமே சரக்கு நிரப்பிவிடுவார்.

ஜப்பானில் வழக்கமான உணவையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி, உண்ண உண்ண நிரப்பிக்கொள்ளும் முறையை அரசே பரிந்துரைக்கிறது. நம் வெப்பத்துக்கு அதில் ஒரு மாற்றம் வேண்டும்: ஆண்டு முழுவதும் வைத்திருக்காதீர்கள். கத்திரி வெயிலில் ரவையும் கோதுமை மாவும் தாங்காது. ஒவ்வொரு டப்பாவிலும் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். தீபாவளி வாரத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, வண்டு இருக்கிறதா, பேட்டரி கசிகிறதா என்று பாருங்கள். பொங்கலுக்குப் பிறகு அவல், ரவை, பால் பொடியை அன்றாடச் சமையலுக்கு எடுத்துவிடுங்கள். கூடுதல் மாத்திரைகளைத் தேதி பார்த்து முன்னதாகத் தீர்க்க வேண்டும். டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். தண்ணீர் கேன்கள் மட்டும் கோடைக்கும் இருக்கட்டும். சித்திரையில் லாரி வராத நாளில் அவை தேவைப்படும்.